ஒருவர் இல்லாத வீட்டின் கணக்கு

ஓய்வு பெற்றபின் மாதம் எவ்வளவு பணம் வேண்டும் என்ற கேள்விக்கு எல்லோரிடமும் ஒரு விடை தயாராக இருக்கிறது. கடைசிச் சம்பளத்தில் பாதி போதும் என்பார் ஒருவர். பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் முடிந்துவிட்டன, இனி என்ன பெரிய செலவு என்பார் இன்னொருவர். மருத்துவமனைப் பக்கம் ஒரே ஒருமுறை போய் வந்தவர் மட்டும் பேசாமல் இருப்பார். இந்த விடைகள் எல்லாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. வீட்டில் இருவரும் கடைசிவரை சேர்ந்தே இருப்போம் என்று அவை எடுத்துக்கொள்கின்றன. இருவரும் ஒரே நாளில் போவதில்லை என்ற எளிய உண்மையை எந்தக் கணக்கிலும் நான் கண்டதில்லை.

அஞ்சல் துறையில் முப்பத்தைந்து ஆண்டுகள் வேலை பார்த்து 2017இல் ஓய்வு பெற்றேன். வரவு செலவு எழுதுவது எனக்கு அலுவலகப் பழக்கம். வீட்டிலும் அது தொடர்கிறது. கோடு போட்ட நீள நோட்டு, இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. இந்த நோட்டுகளை வைத்துக்கொண்டு சென்ற சில மாதங்களாக நானும் என் கணவரும் போட்ட ஒரு கணக்கைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். தொகைகள் எங்கள் வீட்டுக்குரியவை. ஆனால் போட்ட முறை எல்லா வீட்டுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

முதலில், 'மாதச் செலவு' என்று நாம் வாய்ப்பேச்சாகச் சொல்லும் தொகை ஒருபோதும் மாதச் செலவு அல்ல. மளிகை, பால், காய்கறி இவை மாதந்தோறும் வருகின்றன. மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வருகிறது. சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை, மருத்துவக் காப்பீட்டுத் தவணை ஆண்டுக்கு ஒருமுறை. வெள்ளையடிப்பது, மோட்டார் மாற்றுவது, மூக்குக்கண்ணாடி, பல் கட்டுவது ஆகியவை எப்போதோ வந்து ஒரேயடியாக அடிப்பவை. இவற்றை 'எதிர்பாராத செலவு' என்று சொல்லிக்கொள்கிறோம். ஐந்தாண்டு நோட்டுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால் எதிர்பாராத செலவு ஏதாவது ஒன்று எல்லா ஆண்டும் வந்திருக்கிறது. எனவே ஐந்தாண்டுத் தொகையை அறுபதால் வகுத்து மாதக் கணக்கில் சேர்ப்பதே நியாயம்.

அப்படிச் சேர்த்தபோது எங்கள் இருவருக்குமான மாதச் செலவு 38,600 ரூபாய் என்று வந்தது. உணவு, மளிகை, பால், எரிவாயு 13,400. மின்சாரம், தண்ணீர், சொத்து வரி, தொலைபேசி, இணையம் 4,600. மருத்துவரும் மருந்தும் 6,700 (ஓய்வூதியத்தோடு வரும் மருத்துவப்படி 1,000 ரூபாயைக் கழித்த பின்). காப்பீட்டுத் தவணை 2,000. வீட்டு வேலைக்கு வருபவருக்கு 2,500. பழுதுபார்ப்பு 2,500. போக்குவரத்து 2,000. மொய், பண்டிகை, கோயில் 4,000. பத்திரிகையும் புத்தகமும் 900. கடைசி வரியைக் குறைக்கலாமே என்ற யோசனை ஆண்டுதோறும் வந்து ஆண்டுதோறும் தோற்றுப்போகிறது.

ஒரு தொகை கிடைத்ததும் அதைப் பிறர் தொகையோடு ஒப்பிடத் தோன்றுவது மனித இயல்பு. சென்னையில் இருக்கும் என் அக்காவிடம் கேட்டேன். "எங்களுக்கு ஐம்பத்து நாலாயிரம் ஆகிறதடி, உங்கள் ஊர் சொர்க்கம்" என்றாள். அவள் வீட்டு வாடகை 18,000. அதைக் கழித்தால் 36,000. நான் சொந்த வீட்டுக்காரி; ஆனால் பழுதுபார்ப்புக்கு 2,500, சொத்து வரிக்கு 300 என்று மாதந்தோறும் கூரைக்குக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதையும் கழித்தால் என் செலவு 35,800. ஆக நகரத்துக்கும் சிற்றூருக்கும் உள்ள வித்தியாசம் என்று நாங்கள் இருவரும் பல ஆண்டுகள் பேசிவந்தது வெறும் கூரையின் விலை. அக்காவின் மருத்துவக் காப்பீட்டை அவள் மகனின் அலுவலகம் ஏற்கிறது. அதையும் நேர் செய்தால் அவள் கணக்கில் இரண்டாயிரத்தைக் கூட்ட வேண்டும். இரு வீட்டுச் செலவை ஒப்பிடுவதற்குமுன், எந்தச் செலவை யாரோ ஒருவர் நமக்காகச் செய்கிறார் என்று கேட்டாக வேண்டும்.

அரசின் புள்ளிவிவரத்தோடு ஒப்பிட்டாலும் இதே சிக்கல்தான். 2022-23ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு நகர்ப்புறத்தில் ஒருவருக்கான சராசரி மாதச் செலவு 7,630 ரூபாய். எங்கள் வீட்டில் தலைக்கு 19,300 வருகிறது. இடைப்பட்ட ஆண்டுகளின் விலை உயர்வைச் சேர்த்தாலும் நாங்கள் ஊதாரிகளாகவே தெரிவோம். எங்கள் வருமானம் சராசரிக்கு மேற்பட்டது என்பது உண்மை. ஆனால் அது மட்டுமே காரணம் அல்ல. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒரு குளிர்பதனப் பெட்டி ஐந்து பேருக்கு ஓடுகிறது. இங்கே இருவருக்கு ஓடுகிறது. வீடு சிறுக்கச் சிறுக்கத் தலைக்கான செலவு கூடும்.

1857இல் ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கெல் ஒரு விதியைக் கண்டார். குடும்பத்தின் வருமானம் உயர உயர, மொத்தச் செலவில் உணவின் பங்கு குறைகிறது என்பது அது. அதன்பின் உணவின் பங்கைப் பார்த்து ஒரு வீட்டின் வசதியை மதிப்பிடுவது வழக்கமாயிற்று. எங்கள் வீட்டில் உணவின் பங்கு ஏறக்குறைய 35 சதவீதம். எங்கெல் பார்த்தால் மகிழ்ந்திருப்பார். ஆனால் இங்கே உணவின் பங்கு குறைந்தது செல்வத்தால் அல்ல. மருந்தும் காப்பீடும் சேர்ந்து 22 சதவீதத்தைத் தாண்டிவிட்டதால் மற்றவை ஒதுங்கி நிற்கின்றன, அவ்வளவுதான். 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டில் மருத்துவத்துக்குத் தரப்பட்ட எடை 5.89 சதவீதம். விலைவாசி உயர்வு நான்கு சதவீதம் என்று செய்தியில் கேட்கும்போது, அது நாட்டின் கூடையில் ஏற்பட்ட உயர்வு, முதியவர் வீட்டுக் கூடை வேறு என்பதை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

இனி வரவு. என் கடைசி அடிப்படைச் சம்பளம் 44,900. அதில் பாதியான 22,450 அடிப்படை ஓய்வூதியம். நான் கம்யூட்டேஷன் செய்துகொள்ளவில்லை. 2025 ஜூலை நிலவரப்படி அகவிலைப்படி 58 சதவீதம் சேர்ந்து 35,471 ரூபாய். என் கணவர் ஒரு சிறிய தனியார் தொழிற்கூடத்தில் இருந்தவர். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் அவருக்கு மாதம் 2,400. என் ஓய்வூதியத்துக்கு ஆண்டில் இருமுறை அகவிலைப்படி திருத்தம் உண்டு (2020 ஜனவரி முதல் பதினெட்டு மாதங்கள் அதையும் நிறுத்தி வைத்திருந்தார்கள்). அவருடையதற்கு அது கிடையாது. தொடங்கிய நாளில் என்னவோ இன்றும் அதே. ஒரே வீட்டில், ஒரே விலைவாசிக்கு நடுவே, ஒரு ஓய்வூதியம் நடக்கிறது, இன்னொன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. அவருடைய சேமிப்பு 15 லட்சத்தை 2023இல் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீத வட்டிக்குப் போட்டோம். மாதக் கணக்கில் 10,250. ஆக மொத்த வரவு 48,121. செலவு போக 9,521 மிச்சம். நிம்மதியான கணக்கு.

பெரும்பாலோர் இந்த இடத்தில் நோட்டை மூடிவிடுவார்கள். நாங்களும் மூடியிருப்போம். என் கணவர்தான் சற்று யோசித்துவிட்டு, "இதையே இன்னும் இரண்டு தடவை போடு. நான் இல்லை என்று ஒன்று, நீ இல்லை என்று ஒன்று" என்றார். அமங்கலமான பேச்சு என்று முதலில் எனக்குத் தோன்றியது. ஆனாலும் போட்டேன்.

அவர் இல்லாத வீடு: அவருடைய ஓய்வூதியத்தில் பாதி, அதாவது 1,200, விதவைக்கு வரும். வரவு 46,921. செலவில் என் பங்கை மட்டும் எடுத்து, அவருடைய ஸ்கூட்டருக்குப் பதில் நான் ஆட்டோவில் போவதையும் சேர்த்தால் 27,400. பணத்தால் குறை எதுவும் இல்லை.

நான் இல்லாத வீடு: எனக்கு 67 வயது கடந்துவிட்டதால் குடும்ப ஓய்வூதியம் சாதாரண விகிதத்தில்தான் வரும். கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், 13,470, அகவிலைப்படியோடு 21,283. அவருடைய 2,400, வட்டி 10,250. ஆக 33,933. வரவில் ஒரேயடியாக 14,188 குறைகிறது.

செலவும் அந்த அளவுக்குக் குறையுமா? ஐரோப்பியப் புள்ளிவிவர அலுவலகம் பயன்படுத்தும் ஓர் அளவுகோல் உண்டு. வீட்டின் முதல் ஆளுக்கு 1, அடுத்த பெரியவருக்கு 0.5, குழந்தைக்கு 0.3. அதன்படி இருவர் வீடு 1.5, ஒருவர் போனால் 1. அதாவது செலவு மூன்றில் இரண்டு பங்காகக் குறைய வேண்டும். குடும்ப ஓய்வூதிய விதியோ 50 சதவீதத்தை 30 சதவீதமாக்குகிறது. ஐந்தில் மூன்று பங்கு. விதி எழுதியவர்கள் அளவுகோலைவிடச் சற்றுக் கைச்சிக்கனம் உள்ளவர்கள்.

எங்கள் நோட்டில் அவர் தனியாக இருந்தால் செலவு 27,800. இருவர் செலவில் 72 சதவீதம். கூரை பாதியாவதில்லை, இணையம் பாதியாவதில்லை, வேலைக்கு வருபவரின் சம்பளமும் பாதியாவதில்லை. இருந்தாலும் 33,933 வரவுக்குள் 27,800 அடங்கிவிடுகிறது என்று நிம்மதியோடு கோடு போட்டேன். அவர்தான் நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "சமையலுக்கு யார்?" என்று கேட்டார்.

எங்கள் தெருவில் இரண்டு வேளை சமைத்துக் கொடுப்பவருக்கு மாதம் ஏழாயிரம் கொடுக்கிறார்கள். அதைச் சேர்த்தால் 34,800. வரவைவிட 867 ரூபாய் அதிகம். இருவர் வாழ்ந்த செலவில் 90 சதவீதம், ஒருவருக்கு. முப்பத்தைந்து ஆண்டு அலுவலகத்துக்கும் போய்வந்து, காலையும் மாலையும் அடுப்படியில் நின்ற என் வேலைக்கு எங்கள் நோட்டில் ஒருநாளும் ஒரு வரி இருந்ததில்லை. நான் இல்லாத பக்கத்தில்தான் அது முதன்முதலாக ஒரு தொகையாக எழுந்து வந்தது. அந்த 7,000ஐப் பார்த்துப் பெருமைப்படுவதா வருந்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வரவையும் செலவையும் பற்றிய குறள் ஒன்று பலருக்கும் மனப்பாடம். அது இல்லறவியலில் வருவதில்லை. அரசனுக்குச் சொல்லும் 'வலியறிதல்' அதிகாரத்தில் வருகிறது. வீட்டுக் கணக்கும் வலிமை அறிதல்தான் என்று இப்போது தோன்றுகிறது. எதைத் தாங்க முடியும், யார் போனால் எது சரியும் என்று அறிவது.

867 ரூபாய் பெரிய பள்ளம் அல்ல. ஆனால் வட்டி விகிதம் குறைந்தால், அவருடைய 2,400 இன்னும் மெலிந்தால், மருந்துச்சீட்டு நீண்டால் அது வளரும். ஆகவே இப்போதைய மிச்சத்தில் மாதம் ஐயாயிரத்தை அவர் பெயரில் தொடர் வைப்பில் போடத் தொடங்கியிருக்கிறோம். ஐந்து ஆண்டுகளில் அசல் மட்டும் மூன்று லட்சம்; ஏழு சதவீத வட்டி கிடைத்தால் மாதம் 1,750 வரும். பள்ளம் நிரம்பும். வங்கிக் கணக்குகள், நியமனதாரர் பெயர்கள், குடும்ப ஓய்வூதியத்துக்கு வேண்டிய தாள்கள் எல்லாம் இருவருக்கும் தெரிந்த ஒரே உறையில் இருக்கின்றன.

மிச்சமுள்ள ஏழாயிரத்துக்கு அவரே ஒரு வழி கண்டார். வாரத்தில் மூன்று நாட்கள் சமையல் அவருடையது. ரசம் கைவந்துவிட்டது. கூட்டு இன்னும் இல்லை. அவர் சமைக்கும் நாட்களை நோட்டின் ஓரத்தில் சிறு புள்ளியாகக் குறித்து வைக்கிறேன். எந்தப் பத்தியிலும் சேராத வரவு அது.