நெடுந்தீவில் ஒரு நாள் நடந்தோம்

பயணம் என்றால் எம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இடப்பெயர்வுதான். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எங்கள் தோள்களில் பை இருந்தது. அதற்குள் அடையாள அட்டையும் பிள்ளையின் இரண்டு சட்டையும் இருந்தன. 2009 இல் வன்னியில் நடந்தவர்களோ அந்தப் பையையும் இடைவழியில் விட்டுவிட்டே வந்தார்கள். அதன் பின்னர் நாம் போன பயணங்கள் கச்சேரிக்கும் முகாமுக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆணைக்குழுவுக்கும்தான். ஓர் இடத்தைப் பார்ப்பதற்காக மட்டும், தானே விரும்பிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வெளிக்கிடலாமா? வெளிக்கிடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய நெடுந்தீவுக்கு ஒரு பங்குனி மாதத்தில் நானும் என் சிநேகிதியும் அப்படித்தான் போனோம்.

சிநேகிதியின் கணவர் 2008 இல் காணாமற்போனவர். அன்று தொட்டு அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டால் கையில் ஒரு கோப்பு இருக்கும். புகைப்படம், முறைப்பாட்டுப் பிரதி, கடிதங்கள் எல்லாம் அதற்குள். இந்த முறை அதை அலுமாரியில் வைத்துவிட்டு வந்திருந்தார். "கை வெறுமையாக் கிடக்கு. என்னவோ மறந்துபோட்டு வந்த மாதிரி இருக்கு" என்று பஸ்ஸில் இரண்டு தரம் சொன்னார்.

பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை வழியாகப் புங்குடுதீவுக்குள் பஸ் நுழைந்ததும் இரு பக்கமும் கூரையில்லாத வீடுகள் தெரிந்தன. 1990 களின் தொடக்கத்தில் இடம்பெயர்ந்த பலர் திரும்பி வரவேயில்லை. அந்தத் தீவின் மறு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. ஒரு படகு நயினாதீவு அம்மனிடம் போகும், மற்றது நெடுந்தீவுக்கு. நெடுந்தீவுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் கடலில் போக வேண்டும்.

இந்தக் கடலில் போகும்போது குமுதினியை நினையாமல் இருக்க முடியாது. 1985 மே 15 ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கு மேற்பட்டோர் வெட்டிக் கொல்லப்பட்டனர். நெடுந்தீவு மக்களுக்குக் கரைக்குப் போக வேறு வழியில்லை. அந்தப் படகே திருத்தப்பட்டுப் பின்னரும் பல ஆண்டுகள் ஓடியது. தீவுப் பெண்கள் மருந்துக்கும் சந்தைக்கும் அதிலேயே ஏறினார்கள். துணிவு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நெடுந்தீவு ஏறத்தாழ ஐம்பது சதுர கிலோமீற்றர் பரப்புள்ளது. போர்த்துக்கேயர் இதைப் பசுத்தீவு என்ற பொருள்படும் பெயரால் அழைத்தனர். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு நகரமொன்றின் பெயரை வைத்து டெல்வ்ற் என்றார்கள். இறங்குதுறையிலிருந்து சிறிது தூரத்தில் ஒல்லாந்தர் காலத்துப் புறாக்கூட்டையும், சற்று அப்பால் கடற்கரையோரம் போர்த்துக்கேயர் கோட்டையின் இடிந்த சுவர்களையும் காணலாம். ஓட்டோவும் வானும் வாடகைக்குக் கிடைக்கும். நாங்கள் நடப்பதற்கென்றே வந்தபடியால் தெற்கு வெளியை நோக்கி நடக்கத் தொடங்கினோம்.

பையில் ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், பாணும் சம்பலும், வாழைப்பழம், பொரிவிளாங்காய், தேசிக்காய், இரண்டு ஜீவனிப் பொதி. கையில் குடை. வழியெல்லாம் மதிலுக்குப் பதிலாக முருகைக்கல் வேலிகள். சீமெந்தும் சாந்தும் இல்லாமல் கடலடிக் கல்லைக் கல்லின் மேல் அடுக்கிக் கட்டியவை. காற்று இடுக்குகளால் ஊடுருவிப் போவதால் அவை சாய்வதில்லை. தீவே முருகைக்கல்லின் மேல் அமர்ந்ததுதான். மேலே மண் மெல்லிய படை. ஆறு இல்லை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையை நம்பியே வருடம் முழுவதும் சீவியம்.

சாராப்பிட்டிப் பக்கம் பழைய நன்னீர்க் கிணறுகள் இருக்கின்றன. அங்கே தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்களைக் கண்டு வாளியை நீட்டினார். சிநேகிதி அதை ஆழத்துக்கு விடப்போக, "ஆழத்துக்கு விடாதேங்கோ பிள்ளை. மேல் தண்ணிதான் நல்ல தண்ணி. அடியிலை உப்பு" என்றார். அவர் சொன்னது சரியான விஞ்ஞானம். மழைநீர் கல்லிடுக்குகளால் இறங்கி, பாரமான கடல்நீரின் மேல் ஒரு படையாக மிதக்கிறது. அளவாக அள்ளினால் நிற்கும். பேராசையோடு இறைத்தால் உவர் மேலே வந்துவிடும். பள்ளிக்கூடம் சொல்லித் தராத இந்தக் கணக்கை நெடுந்தீவுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் குடத்தாலேயே போட்டு வந்திருக்கிறார்கள்.

கிணறுகளைத் தாண்டினால் குடிமனைகள் குறைந்து பனைகளும் தூரப் போய்விடும். பிறகு வெளி மட்டும்தான். காய்ந்த புல், வெள்ளைக் கல், தலைக்கு மேல் வெயில். எங்கள் நாட்டில் இதைவிடப் பாலை நிலத்துக்குக் கிட்டிய இடம் நான் கண்டதில்லை. பாலைக்குப் பழந்தமிழர் வகுத்த ஒழுக்கம் பிரிவு; கடல் சார்ந்த நெய்தலுக்கு இரங்கல். இரண்டும் இங்கே ஒரே இடத்தில் கிடக்கின்றன. இதை நான் சிநேகிதியிடம் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

அந்த வெளியில்தான் குதிரைகளைக் கண்டோம். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்தவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற ஆங்கில அதிகாரி இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார். வெள்ளையர் கைவிட்டுப் போக, குதிரைகள் தாமே பிழைத்துக்கொண்டன. கட்டுவாரும் இல்லை, தீன் போடுவாரும் இல்லை. கடும் வறட்சி வரும் வருடங்களில் தண்ணீரின்றிச் செத்துப்போவதும் உண்டு. 2015 இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஒரு தாய்க்குதிரை குட்டியைத் தன் நிழலில் நிறுத்திக்கொண்டு வெயிலில் நின்றது. நாங்கள் குடையின் கீழ் இருந்து பாணைச் சாப்பிட்டபடி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சிநேகிதி திடீரென்று, "ஒரு மணித்தியாலமா நான் ஒருத்தரையும் தேடேல்லை. இப்பதான் கவனிச்சன்" என்றார். சற்றுப் பொறுத்து, "அது பிழையோ?" என்று கேட்டார்.

பஸ்ஸிலும் சந்தையிலும் கோயில் வீதியிலும், தூரத்தில் ஒரு தோளையோ நடையையோ கண்டு நெஞ்சு திடுக்கிடும் வாழ்க்கை அவருடையது. நெடுந்தீவு வெளியில் தேடுவதற்கு ஆளே இல்லை. கண் ஓய்ந்துவிட்டது.

"பிழையில்லை. கிணத்துக்கும் ஊறிறதுக்கு நேரம் வேணும்தானே" என்றேன். அவர் சிரித்தார். பிறகு கொஞ்சம் அழுதார். பிறகு எழும்பி நடந்தோம். கடைசிப் படகைத் தவறவிட முடியாது.

மறு வாரம் அவர் கோப்போடு மீண்டும் அலுவலகப் படியேறினார். ஓய்வெடுத்ததனால் அவர் எதையும் கைவிட்டுவிடவில்லை. இதைத்தான் வாசிக்கும் சகோதரிகளுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஒரு நாள் ஆறியிருப்பது போனவர்களை மறப்பது ஆகாது. ஊர் ஏதாவது சொல்லும், சொல்லட்டும்.

போக விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். தை தொடங்கிப் பங்குனி வரை கடல் ஓரளவு அமைதியாக இருக்கும். சோளகம் தொடங்கினால் அலை பெரிது. முதற்படகில் போங்கள். இறங்கியவுடனேயே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கேட்டு வையுங்கள். தனியே போகாமல் இருவராகவோ நால்வராகவோ போங்கள். கோட்டை, பெருக்குமரம், வெடியரசன் கோட்டை, வெளி எல்லாவற்றையும் ஒரே நாளில் நடந்து பார்க்க இயலாது. ஒன்றிரண்டைத் தெரிவு செய்யுங்கள். குதிரைகளைத் துரத்த வேண்டாம். அவர்களுடைய கிணற்றுத் தண்ணீரைச் செலவழிக்காமல், உங்களுக்கு வேண்டிய தண்ணீரை நீங்களே சுமந்து செல்லுங்கள். போகும்போது பை பாரமாக இருக்கும். திரும்பும்போது இராது.