பத்தாவது அவென்யூவில் ஒரு பொடக்காலி

நியூயார்க்கில் பத்தாவது அவென்யூவை ஒட்டி ஒரு செங்கல் கட்டடம். எங்கள் ஊர் எருமப்பட்டியில் கொல்லிமலையை அண்ணாந்து பார்ப்பதுபோல நின்று பார்த்தேன். ஜான் ஜே குற்றவியல் நீதிக் கல்லூரி. பணியிலிருக்கும் போலீஸ்காரர்கள் பட்டம் படிக்கவென்றே 1964இல் தொடங்கியதாம். லத்தியும் பரேடும் போதாது, மனிதர்களையும் படிக்கவேண்டும் என்று அன்றைக்கே நினைத்திருக்கிறார்களே!

அங்கே படிக்கும் என் அண்ணன் மகள் நூலகத்தில் ஒரு புத்தகத்தை நீட்டினாள். "அத்தை, இது நம்ம ஊர்க் கதை." எழுதியவர் அந்தக் கல்லூரியின் பேராசிரியர் மங்கை நடராஜன், வெளியான ஆண்டு 2008. தமிழ்நாட்டுப் பெண் போலீசாரைப் பற்றிய ஆய்வு. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

1973இல்தான் தமிழகக் காவல்துறை பெண்களைச் சேர்த்தது. அதே ஆண்டு நியூயார்க்கில் ஆணுக்கொன்று பெண்ணுக்கொன்று என்றிருந்த பதவிப் பெயர்கள் போய், எல்லாரும் 'போலீஸ் ஆபீசர்' ஆனார்கள். அங்கே ஒரே வாசல். நாமோ 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் மகளிருக்கென்றே தனி நிலையம் திறந்தோம். தனியாக ஒதுக்குவது சமத்துவமா என்று கேட்கலாம், நானும் கேட்டவள்தான். ஆண்களின் பழக்கம் ஊறிய இடத்தில் ஒன்றிரண்டு பெண்களைச் சேர்த்தால் ஓரங்கட்டப்படுவார்கள்; சொந்த நிலையமும் சொந்த வழக்கும் கையில் வந்தால்தான் நிமிர்வார்கள் என்கிறார் பேராசிரியர். சமத்துவத்துக்குக் கொல்லைப்புற வாசல் என்பது புத்தகத் தலைப்பிலேயே இருக்கிறது. எங்கள் பக்கம் கொல்லைப்புறத்தைப் பொடக்காலி என்போம். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூச்சமில்லாமல் வந்துபோவது அந்த வழியாகத்தான்.

பெரியம்மா மகளோடு நாமக்கல் மகளிர் காவல் நிலையத்துக்குப் போன நாள் நினைவுக்கு வந்தது. அக்காவுக்குப் பேச்சே வரவில்லை. ஏட்டம்மா பேனாவை மூடிவைத்துவிட்டு, அக்கா மடியிலிருந்த குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். "அழுகாதீங்கக்கா, மெதுவாச் சொல்லுங்க." குழந்தை அவருடைய விசில் கயிற்றை வாயில் வைத்துச் சப்பியது. அவர் விலக்கவில்லை. அக்கா சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. பிறகுதான் எழுத ஆரம்பித்தார்.

அவர் குணம் நல்லது என்று மட்டும்தான் அன்று நினைத்தேன். ஒரு மணி நேரம் காத்திருக்க அவருக்கென்று ஒரு மேசையும் அதிகாரமும் இருந்ததை அந்த நூலகத்தில்தான் யோசித்தேன்.

"அந்த ஏட்டம்மா இப்ப எங்க இருக்காங்க அத்தை?"

"தெரியலையே சாமி. ஊருக்குப் போனதும் முதல்ல விசாரிக்கணும்."