மூணுக்கும் நாலுக்கும் நடுவுல!

ஹாஸ்டல் ரூம் ஃபேன் ரெகுலேட்டரை உற்றுப் பார்த்திருக்கீங்களா பாஸ்? மூணுல வெச்சா வேர்க்கும். நாலுல வெச்சா ரெக்கார்டு நோட்டு பறக்கும். நமக்கு வேணும்கிற காத்து நடுவுல எங்கேயோ இருக்கு. ஆனா, 'டக்... டக்'னு விழுற அந்த ரெகுலேட்டர்ல அப்படி ஒரு இடமே கிடையாது. எலெக்ட்ரிக் கிட்டார்லயும் இதே பஞ்சாயத்துதான்!

கிட்டார் தொடாத மக்களுக்காக ஒரு குட்டி அறிமுகம். கம்பிகளுக்குக் கீழே காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக் கம்பி. இதுதான் பிக்கப். மேலே கம்பி அதிர்ந்தால் இங்கே மின்சாரம் பிறக்கும். ப்ளஸ் டூவில் மனப்பாடம் செய்த அதே ஃபாரடே விதி! என் கிட்டாரில் இரண்டு பிக்கப். பிரிட்ஜ் பக்கம் இருப்பது பச்சை மிளகாய். நெக் பக்கம் இருப்பது தயிர் சாதம். எது வேண்டும் என்று சொல்ல ஒரு ஸ்விட்ச். இது, அது, இல்லாவிட்டால் ரெண்டும். அவ்வளவுதான் சாய்ஸ்.

எங்க பேண்ட் ப்ராக்டீஸ் நடப்பது நோணாங்குப்பத்தில், ஒரு மொட்டை மாடி ரூமில். பாண்டியிலிருந்து கடலூர் ரோட்டில் அரியாங்குப்பம் தாண்டி வந்தால், சுண்ணாம்பாறு போட் ஹவுஸுக்கு டூரிஸ்ட் கூட்டம் இறங்குமே, அதே ஊர்தான். பிரிட்ஜ் பிக்கப்பைப் போட்டால் என் கிட்டார் எங்க சிங்கர் குரலோடு நேருக்கு நேர் மோதும். 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரை நம் காது ரொம்பவே கூர்மை. பாட்டு வரிகள் தெளிவாகக் கேட்பதும் அங்கேதான், பிரிட்ஜ் பிக்கப் கடிப்பதும் அங்கேதான். நெக் பக்கம் போனால் பேஸ் கிட்டாருக்குள் முழுகிடும். ரெண்டையும் சேர்த்தால் ஒல்லிப்பிச்சான் சத்தம். ஒரே கம்பியை இரண்டு இடத்தில் கேட்பதால் சில அதிர்வுகள் ஒன்றை ஒன்று அடித்துவிடும். வால்யூமைக் குறைத்தும் தீரவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டி, ஒரு சனிக்கிழமை பாதிப் பாட்டில் மைக்கை ஸ்டாண்டில் மாட்டினான் சிங்கர். "உன் கிட்டாரே பாடட்டும்டா!" செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போயே போய்ட்டான். மூணு வருஷ நட்பு பாஸ்!

புது கிட்டார் வாங்க வசதி இல்லை. அப்பத்தான் கண்ணில் பட்டது வீட்டுப் பரணில் இருந்த பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர். அதன் முகத்தில் 'பாலன்ஸ்' என்று ஒரு நாப் இருக்கும், ஞாபகம் இருக்கா? இடப்பக்கம் திருப்பினால் இடது ஸ்பீக்கர், வலப்பக்கம் திருப்பினால் வலது, நடுவில் விட்டால் ரெண்டும் முழுசாக. ஸ்பீக்கருக்குப் பதில் பிக்கப். முடிஞ்சது மேட்டர்!

ரொம்பப் பெருமைப்பட முடியலை. லியோ ஃபெண்டர் 1950-லேயே இதைச் செய்துவிட்டார். மனுஷன் அமெரிக்காவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கவே தெரியாதவர். (நம்ம இனம்!) அவருடைய பிராட்காஸ்டர் கிட்டாரில் ஸ்விட்ச்சை பிரிட்ஜ் பக்கம் தள்ளிவிட்டு நாபைத் திருப்பினால், நெக் பிக்கப் கொஞ்சம் கொஞ்சமாக வந்து கலக்கும். 1951-ல் அந்த கிட்டாருக்கு டெலிகாஸ்டர் என்று பேர் மாறியது. 1952-ல் நாபின் வேலையும் மாறி, டோன் கன்ட்ரோல் ஆனது. அதற்கப்புறம் 1967 வரை வழக்கமான டெலிகாஸ்டர் வயரிங்கில் ரெண்டு பிக்கப்பையும் சேர்த்துக் கேட்க வழியே இல்லை. 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மூணு பிக்கப்புக்கு மூணு நிலை ஸ்விட்ச். பசங்க சும்மா இருப்பாங்களா? ஸ்விட்ச்சை ரெண்டு நிலைக்கும் நடுவில் தொங்கலில் நிறுத்தி வாசித்தார்கள். 1977-ல் கம்பெனியே இறங்கி வந்து அஞ்சு நிலை ஸ்விட்ச் கொடுத்தது.

என்னுடையதும் டெலிகாஸ்டரைப் பார்த்துச் செய்த காப்பி மாடல்தான், செகண்ட் ஹேண்ட். டோன் கன்ட்ரோலைக் கழற்றி, அந்த ஓட்டையில் கலக்கும் நாப். ஆனால், பரணிலிருந்து எடுத்ததை அப்படியே சால்டர் வைக்க முடியாது. அது 100கே. நாப் நடுவில் இருக்கும்போது ரெண்டு டிராக்கும் பேரலல், அதோடு 250கே வால்யூமும் பேரலல். ஃபர்ஸ்ட் இயர் கணக்குதான், போட்டுப் பாருங்க. பிக்கப்புக்குத் தெரியும் லோடு சுமார் 42கே. போர்வைக்குள் உட்கார்ந்து வாசித்த மாதிரி இருக்கும். ஆன்லைனில் வாங்கிய 500கே போட்டால், ரெண்டு டிராக்கும் சேர்ந்து 250கே. கழற்றிப் போட்ட டோன் கன்ட்ரோலும் 250கே. கணக்கு நேர்!

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. கடைக்காரர் யாரும் சொல்ல மாட்டார், நான் சொல்றேன். பிக்கப்பின் சொந்த ரெசிஸ்டன்ஸ் சுமார் 7கே. நடுவிலிருந்து ஓரம் வரையுள்ள தூரத்தில் பத்தில் ஒரு பங்கு நாபைத் திருப்பினாலே 50கே குறுக்கே வந்து நிற்கும். அந்த பிக்கப் பாதி அவுட்! மாயமெல்லாம் நடுப்புள்ளிக்குப் பக்கத்திலேயே நடந்து முடிந்துவிடும், மீதித் தூரம் சும்மா. 100கே போட்டால் கலவை நிதானமாக வரும், ஆனால் பளிச் போயிடும். பளிச்சும் வேணும், நிதானமும் வேணும்னா பேட்டரி வைத்து, பிக்கப்புக்கு ஒரு பஃபர் போட வேண்டும். இன்னொரு விஷயம், ரெண்டும் சமமாக இருக்கும்போது என் கிட்டாரில் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் கழிந்துவிடும். கொஞ்சம் நகர்த்தினால் லேசாக எட்டிப் பார்க்கும். இருந்துட்டுப் போகட்டும்.

சிங்கரை வரவழைக்க ஒரு வாரம், ரெண்டு பரோட்டா பார்சல். வந்தவன் கிட்டாரைப் பார்த்துவிட்டு "புதுசா?" என்றான். "பழசுதான். நீ பாடு, நான் வாசிக்கிறேன். நாபை நீயே திருப்பு" என்றேன். குனிந்து, என் கைக்குப் பக்கத்தில் விரலை வைத்து, கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தான். ஓரத்துக்குப் போனான், திரும்பினான், நடுவைத் தாண்டினான், மயிரிழை பின்னால் வந்தான். அங்கே நின்றுவிட்டான். சரணம் முழுக்கக் கத்தாமல் பாடினான். எனக்கு என் கிட்டார் கேட்டது. அவன் குரலும் கேட்டது, முதல் தடவையாக. நடுவுக்கும் அந்த இடத்துக்கும் ஒரு அரிசி அளவு வித்தியாசம் இருந்தால் அதிகம்! தங்கச்சியின் நெயில் பாலிஷில் அங்கே ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருக்கிறோம்.

அப்போ ஸ்விட்ச்சைத் தூக்கிக் கடாசிடலாமா? அவசரப்படாதீங்க. சோலோ வரும்போது எனக்கு முழு பிரிட்ஜ் பிக்கப் வேணும், அதுவும் அரை நொடியில். நாபை ஓரத்துக்குத் திருப்பிட்டு, மேடை இருட்டில் மறுபடி சிவப்புப் பொட்டைத் தேடுவதெல்லாம் ஆகிற கதையா? இப்போதைக்குச் செத்துக் கிடக்கிற ஸ்விட்ச்சுக்கு உயிர் கொடுக்கப்போகிறேன். ஒரு பக்கம் தள்ளினால் நாப் கலவை, மறுபக்கம் தள்ளினால் பிரிட்ஜ் மட்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை சால்டரிங்.

சிங்கர் சம்மதிச்சுட்டான், ஒரே ஒரு கண்டிஷனோட. "சரணத்துல மட்டும் அந்த ஸ்விட்ச்சுல கை வெச்சே... அடுத்த போட்டைப் பிடிச்சு சுண்ணாம்பாத்துல தள்ளிட்டு வந்துடுவேன்!"