ஆயாவின் முகம் 70 பிக்சல்

4கே டிவியின் திரையில் மொத்தம் 82,94,400 புள்ளிகள். அகலத்தில் 3840, உயரத்தில் 2160. கேபிளில் வருகிற சாதாரண எஸ்.டி. சேனலின் படத்தில் 4,14,720 புள்ளிகள். அகலத்தில் 720, உயரத்தில் 576. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் மீதி இல்லாமல் 20 வரும். ஆக, கேபிளிலிருந்து ஒரு புள்ளி வந்தால் மிச்சம் 19 புள்ளிகளை டிவியே அக்கம்பக்கம் பார்த்து நிரப்பிக்கொள்கிறது. நம்மில் பலர் வீட்டில் ராத்திரி சீரியல் இப்படித்தான் ஓடுகிறது. ஒரு பங்கு ஒளிபரப்பு, 19 பங்கு யூகம்.

கடலூரில் எங்கள் வீட்டு ஹாலுக்கும் போன பொங்கலுக்கு ஒரு 43 அங்குல 4கே டிவி வந்தது. தம்பி வாங்கிக் கொடுத்தான். ரெண்டு நாள் கழித்து அம்மா போனில் சொன்னார்: “என்னமோ தெரியல, எல்லா மூஞ்சியும் மெழுகு பூசுன மாதிரி இருக்குது. பழைய டிவியிலயே நல்லா தெரிஞ்சுது.” பழைய டிவி என்று அவர் சொல்வது, 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அரசு கொடுத்த 14 அங்குல கலர் டிவியை. அது போய்ப் பல வருடம் ஆகிறது. ஆனால் அம்மாவின் அளவுகோல் இன்னும் அதுதான்.

“அம்மாவுக்குப் பழசு மேல பாசம்” என்று தம்பி சிரித்தான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மென்பொருள் வேலையில் இத்தனை வருடம் இருந்து கற்றுக்கொண்டது ஒன்று உண்டு: பயன்படுத்துகிறவர் “முன்னாடி நல்லா இருந்துச்சு” என்று சொன்னால், பெரும்பாலும் எங்கேயோ ஏதோ நிஜமாகவே கெட்டுப்போயிருக்கும். உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கண் டாக்டர் சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டைக்குப் பின்னால் ஒரு கோண அளவு இருக்கிறது. 6/6 பார்வை என்றால், ஒரு பாகையை 60 ஆகப் பிரித்தால் வருகிற துண்டு அளவுக்கு நுணுக்கம் தெரியும் என்று பொருள். வீட்டு மொழியில் சொன்னால், சுமார் மூன்றரை மீட்டர் தூரத்தில் இருக்கும் ஒரு மில்லிமீட்டர். அதைவிடச் சின்னப் புள்ளிகளைக் கண் தனித்தனியாகப் பார்க்காது, ஒன்றாகக் கலந்துவிடும்.

எங்கள் ஹாலில் அம்மாவின் நாற்காலிக்கும் டிவிக்கும் நடுவில் ஒன்பது அடி. அந்த 14 அங்குல டிவியில் 576 வரிகளும் சுமார் எட்டரை அங்குல உயரத்துக்குள் அடங்கிவிடும். நாலேகால் அடியைத் தாண்டினால் வரிகள் கண்ணுக்குத் தெரியாது. ஒன்பது அடியிலிருந்து பார்த்த அம்மாவுக்கு அது குறையே இல்லாத படம். அதே 576 வரிகளை 43 அங்குலத் திரையில் இழுத்துப் பரப்பினால், குறை தெரியாமலிருக்கப் பத்தரை அடி தள்ளி உட்கார வேண்டும். எங்கள் வீட்டில் பத்தரை அடியில் சுவர் இருக்கிறது. போதாததற்கு, நூற்றுக்கணக்கான சேனல்களை ஒரே கம்பியில் அடைப்பதற்காக ஒவ்வொன்றையும் நசுக்கித்தான் அனுப்புகிறார்கள். நசுங்கிப் போன தோலின் நுணுக்கத்தை டிவி வழவழப்பாக்கி நிரப்புகிறது. அம்மா சொன்ன மெழுகு அதுதான். அவர் பாசத்தில் பேசவில்லை, பார்த்ததைச் சொன்னார்.

இப்போது மறுபக்கக் கணக்கு. அதே 43 அங்குலத் திரையில் முழு ஹெச்.டி. படத்தின் புள்ளிகள் ஐந்தரை அடி தாண்டினால் கலந்துவிடும். 4கே புள்ளிகள் மூன்றடிக்குள்ளேயே கலந்துவிடும். 8கே என்றால் ஒன்றரை அடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். சில கண்கள் 6/6ஐவிடக் கூர்மையானவை, ஒன்றரை மடங்கு கூடவே பார்க்கும். அப்போதும் எட்டரை அடியில் முழு ஹெச்.டி.யே போதும். ஒன்பது அடியில் உட்காருகிறவருக்கு 4கே தருகிற கூடுதல் புள்ளிகள், அவர் கண்ணுக்கு வந்தே சேராத புள்ளிகள்.

4கே எங்கேயுமே வேண்டாம் என்பதில்லை. நான் கோட் எழுதுவது 27 அங்குல 4கே மானிட்டரில், ரெண்டடி தூரத்தில். அங்கே எழுத்துகளின் ஓரம் கூர்மையாகத் தெரிகிறது, காசு வீணில்லை. சினிமாத் திரை அளவுக்குச் சுவர் இருக்கிறவர்களுக்கும் பயன் உண்டு. நல்ல கறுப்பு, நல்ல வண்ணம் தருகிற திரை ஒன்பது அடியிலும் வித்தியாசம் காட்டும். ஆனால் கறுப்பு எவ்வளவு கறுப்பு என்று அட்டைப்பெட்டியின் மேல் பெரிதாக அச்சடிக்க முடியாது. 4கே, 8கே என்று அச்சடிக்கலாம். எண்ணாக மாற்ற முடிந்ததுதான் விற்பனையாகிறது.

எங்கள் வீட்டில் கடைசியில் மாற்றியது டிவியை இல்லை, செட்டாப் பாக்ஸை. ஹெச்.டி. பாக்ஸ் வந்த அன்றைக்கே அம்மா சீரியலில் வந்த புடவைக் கரையின் டிசைனைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

கேமரா, கம்பி, பாக்ஸ், திரை, நாற்காலியின் தூரம், கண். இது ஒரு சங்கிலி. எந்தக் கண்ணி பலவீனமோ அதுதான் மொத்தப் படத்தின் தரம். டிவி விஷயத்தில் “போதும்” என்ற இடத்தை எப்போதோ தாண்டிவிட்டோம். அதே கணக்கைச் சங்கிலியின் முதல் கண்ணியான கேமராவுக்குப் போட்டபோது எனக்கு வேறு விடை கிடைத்தது.

*

கடலூர்க்காரர்களுக்கு ஃபோட்டோ ஆல்பம் என்பது நனையக்கூடிய பொருள். 2004 டிசம்பரில் சுனாமி. 2011 டிசம்பரில் தானே புயல். 2015 கடைசியில் வெள்ளம். எங்கள் வீட்டில் ஆயாவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், படங்கள் 2015இல் போயின. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த ஆல்பத்தைப் பிரித்தபோது தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, முகங்கள் எல்லாம் நீலமும் மஞ்சளுமாக ஓடியிருந்தன.

மிஞ்சியது சிதம்பரத்தில், கீழவீதிப் பக்கம் இருக்கும் அத்தை வீட்டில், அவருடைய கல்யாணத்தில் எடுத்த ஒரு குரூப் ஃபோட்டோ. ஆறங்குல அகலக் கறுப்பு வெள்ளைப் பிரிண்ட், அதிலும் பூஞ்சை. வரிசையாகப் பன்னிரண்டு பேர், ஓரத்தில் ஆயா. அத்தை அதை மொபைலில் படமெடுத்து மெசேஜில் அனுப்பினார். வழியில் சுருங்கி, என் கைக்கு வந்தபோது ஆயாவின் முகம் குறுக்கே 70 பிக்சல்.

அப்பா நினைவு நாளுக்கு அவர் படத்தோடு ஆயாவின் படத்தையும் மாட்டலாம் என்று குடும்பத்தில் பேச்சு. ஒரு சொந்தக்காரப் பையன் முகத்தைத் தெளிவாக்குகிற ஒரு செயலியில் அதைப் போட்டான். பத்து நொடியில் வந்தது. கண்ணிமை, உதட்டுக் கோடு, மூக்குத்தியின் மினுக்கல் எல்லாம் துல்லியம். குடும்ப குரூப்பில் ஒரே கைதட்டல். அத்தை மட்டும் பதில் போடவில்லை. சாயங்காலம் எனக்குக் கூப்பிட்டார்.

“யாரு தம்பி இது? நல்லாத்தான் இருக்காங்க. ஆனா எங்கம்மா இல்ல.”

“ஏன் அத்தை?”

“அம்மைத் தழும்பு எங்க? கன்னம் பூரா இருக்குமே. காதும் இப்படி இருக்காது, தோடு போட்டு வடிஞ்சு தொங்கும். இந்தம்மாவுக்குப் பாரு, கடையில வாங்குன காது மாதிரி இருக்கு.”

*

இந்த இடத்தில் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். ஊகிக்காத கேமரா என்று அநேகமாக எதுவும் இல்லை. நம் கையில் இருக்கும் மொபைலின் சென்சாரில் ஒவ்வொரு புள்ளியும் ஒரே ஒரு நிறத்தைத்தான் பார்க்கிறது. பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். கோடாக் நிறுவனத்தில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஒரு புள்ளி பார்க்காத மற்ற இரண்டு நிறங்களை, பக்கத்துப் புள்ளிகளை வைத்துக் கணக்கிட்டு நிரப்புகிறார்கள். 4கே டிவி எஸ்.டி. படத்தை நிரப்புவதும் கிட்டத்தட்ட இதே ஜாதி. பக்கத்து வீட்டைக் கேட்டு எழுதுகிற கணக்கு. தப்பாகப் போனால் மங்கும், வழவழக்கும். பொய் சொல்லாது.

முகம் தெளிவாக்கும் செயலி வேறு மாதிரி. அது ஆயிரக்கணக்கான வேறு மனிதர்களின் முகங்களைப் பார்த்துப் பழகியது. இந்தத் துறையில் அதிகம் பயன்பட்ட தொகுப்பு ஒன்று எஃப்.எஃப்.ஹெச்.க்யூ. ஃபிளிக்கர் தளத்திலிருந்து எடுத்த 70,000 முகங்கள், 2019இல் வெளியானது. இப்படிப்பட்ட மாடலிடம் 70 பிக்சலைக் கொடுத்தால், “இந்த மங்கலுக்குப் பொருந்துகிற முகம் எப்படி இருக்கக்கூடும்?” என்று கேட்டுக்கொண்டு ஒன்றை வரைகிறது. இந்தியாவில் பெரியம்மையின் கடைசி நோயாளி 1975இல். இணையத்தில் படம் போடுகிற காலம் வந்தபோது அந்தத் தழும்போடு இருந்தவர்கள் பெரும்பாலும் கிழவர்களாகிவிட்டிருந்தார்கள். அந்தத் தொகுப்புகளில் ஆயாவைப் போன்ற கன்னங்கள் எத்தனை இருந்திருக்கும்? மாடலுக்குத் தழும்பு என்பது இரைச்சல். துடைத்துவிட்டது.

எடுத்த அன்றைக்குப் பதிவாகாத நுணுக்கத்தைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. அந்த இடத்தில் நம்பும்படியாக வேறு ஒன்றை வைக்க மட்டுமே முடியும். திரையை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். எடுத்த படம் எடுத்ததுதான்.

ஆயாவைக் காப்பாற்றியது ஒரு பிஸ்கட் டப்பா. அந்தக் கல்யாணத்துக்குப் படமெடுத்த ஸ்டுடியோக்காரர், கடையை மூடும்போது பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டு அவரவர் நெகட்டிவைக் கொடுத்துவிட்டாராம். அத்தை அதை டப்பாவில் போட்டுப் பரண்மேல் வைத்து மறந்திருக்கிறார். 120 ஃபிலிம், சதுர நெகட்டிவ். அதில் ஆயாவின் முகம் ரெண்டரை மில்லிமீட்டர்தான். 3200 டி.பி.ஐ.யில் ஸ்கேன் செய்தபோது அந்த ரெண்டரை மில்லிமீட்டரில் 300 பிக்சலுக்கு விஷயம் இருந்தது. தழும்பு இருந்தது. வடிந்த காது இருந்தது. வெயிலுக்கு ஒரு கண்ணைக் கொஞ்சம் சுருக்கியிருந்தார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாத தகவல்.

*

இது எங்கள் குடும்ப விஷயம். இதே கதை எங்கள் மாவட்டத்திலேயே உலக அளவில் நடந்திருக்கிறது. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் இருந்து களவுபோன அர்த்தநாரீஸ்வரர் கற்சிலை ஒன்று, நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரின் கடை வழியாக 2004இல் சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அது விருத்தாசலத்துச் சிலைதான் என்று காட்ட உதவியவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த பழைய படங்கள். 2014 செப்டம்பரில் அந்தச் சிலையும், ஸ்ரீபுரந்தான் நடராஜரும் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பி வந்தார்கள்.

1955இல் தொடங்கிய அந்த நிறுவனம் தமிழ்நாட்டுக் கோயில்களில் ஊர் ஊராகப் போய் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். எடுத்தவர்கள் திருடனைப் பிடிக்க எடுக்கவில்லை. சிற்ப ஆராய்ச்சிக்காக எடுத்தார்கள். பின்னாளில் யாரோ வந்து உடைசலையும் கீறலையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை. கேமராவின் ரெசல்யூஷனுக்குக் கொடுக்கிற விலை இதற்குத்தான் என்று நினைக்கிறேன்: இன்றைக்கு யாரும் கேட்காத கேள்விக்காக.

அப்படியானால் 200 மெகாபிக்சல் மொபைலை வாங்கிவிடலாமா? அதற்கும் ஒரு எல்லை உண்டு, அதை இயற்பியல் போடுகிறது. எஃப் 1.7 லென்ஸ் வழியாக வருகிற பச்சை ஒளிப்புள்ளி, லென்ஸ் எவ்வளவு சுத்தமானதாக இருந்தாலும், சென்சாரில் சுமார் 2.3 மைக்ரான் வட்டமாகத்தான் விழும். 200 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.6 மைக்ரான் சுமார். ஒரே மங்கல் வட்டத்துக்குள் வரிசையாக நாலு பிக்சல் உட்கார்ந்து ஒரே சேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும். அதனால்தான் அந்த மொபைல்களே சாதாரணமாகப் பதினாறு பிக்சல்களை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படமாகத் தருகின்றன.

சிதம்பரம் கோயில் கோபுர வாசல்களில் இதை யாரும் சோதித்துப் பார்க்கலாம். உட்சுவர்களில் வரிசையாக நாட்டியக் கரணங்கள், கிழக்கிலும் மேற்கிலும் 108 கரணங்களுக்கு நாட்டிய சாஸ்திரச் சுலோகங்களும் கூடவே பொறித்திருக்கும். உச்சிப் பகலில் அந்த வாசல் வழி இருட்டாக இருக்கும். எத்தனை மெகாபிக்சல் இருந்தாலும் எழுத்து குழைந்துதான் விழும். காலையில் கிழக்கு வாசலில் வெயில் சாய்வாக உள்ளே வருகிற நேரத்தில், கையை ஆட்டாமல் எடுத்தால், பழைய 12 மெகாபிக்சல் மொபைலிலேயே உளித்தடம் தெரியும். அங்கே பலவீனமான கண்ணி வெளிச்சம்.

இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் அம்மாவை ஜன்னல் பக்கம் உட்கார வைத்து ஒரு படம் எடுக்கிறேன். 12 மெகாபிக்சல்தான், ஆனால் முகம் சட்டத்தை நிறைக்கும்படி. மெசேஜில் போகிற பிரதி போகட்டும், சுருங்காத மூல ஃபைல் ரெண்டு டிஸ்கில் இருக்கும். ஒன்று கடலூரில், ஒன்று தண்ணீர் வராத ஊரில். “எத்தன தடவடா எடுப்ப” என்கிறார். அவருக்கு நான் பதில் சொல்வதில்லை.

ஆயாவின் படத்தைப் பிரிண்ட் போட்டாயிற்று. ஸ்டுடியோவில் இருந்த பையன் 12க்கு 18 போடலாம், கம்ப்யூட்டரில் கொஞ்சம் ஷார்ப் பண்ணித் தருகிறேன் என்றான். அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. இருக்கிற பிக்சலுக்கு நாலுக்கு ஐந்து அங்குலம் சரியாக வரும் என்று நான் கணக்குச் சொன்னேன், அதையே போடச் சொன்னார். இப்போது அவர் வீட்டுக் கூடத்தில் மாலை போட்ட பெரிய பெரிய படங்களுக்கு நடுவில் அது மட்டும் கையளவு. போன மாதம் ஒரு சொந்தக்காரர் வாசல் பக்கமிருந்தே பார்த்துவிட்டு, “என்ன இது, இத்துணூண்டு மாட்டியிருக்கீங்க, ஒண்ணும் தெரியலையே” என்றார்.

“கிட்ட வந்து பாருங்க, தெரியும்” என்றார் அத்தை.