நான்காம் அறிவின் படம்

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவின் அடிப்படையில் பகுக்குங்கால் எறும்பினை மூவறிவு உயிரென்றும், தும்பியினை நான்கறிவு உயிரென்றும் வைக்கின்றார். நான்காவது அறிவு கண்ணின் வழியே பெறுவது. (உருப்பெருக்கி கொண்டு நோக்கினால் எறும்பிற்கும் கண் உண்டு என்பதை இன்றைய மாணவர் அறிவர், அவ்வாராய்ச்சி நிற்க.) வகுப்பில் பன்முறை இப்பகுதியை விளக்கிய எனக்குத் தும்பியின் கண்ணை ஒருமுறை முழுமையாகப் படம்பிடித்துவிட வேண்டும் என்னும் வேட்கை எழுந்தது.

திருவள்ளூரை அடுத்த காக்களூரைச் சிட்கோ தொழிற்பேட்டையால் அறிந்தவர்களே மிகுதி. அங்கே ஓர் ஏரியும் உண்டு. கரையோரத்து எருக்கஞ் செடிகளில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சி முட்டையிடும். கோரைப் புல்லின் நுனியில் தட்டான்கள் இரவைக் கழிக்கும்.

என்னிடம் இருந்தது 50 மில்லிமீட்டர் லென்சு பொருத்திய பழைய பிலிம் கேமரா. அதனைக் கொண்டு முக்கால் முழத்திற்குள் எதனையும் தெளிவாக எடுக்க இயலாது. லென்சிற்கும் கேமராவிற்கும் நடுவே இன்னுமொரு 50 மில்லிமீட்டர் நீளக் குழாயைச் செருகினால், பூச்சியின் உருவம் அதன் மெய்யளவிலேயே பிலிமில் விழும். தொழிற்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பர் அலுமினியத்தில் ஒரு குழாய் கடைந்து தந்தார். படத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரே என்று நான் வருந்தியபோது அவர் சிரித்தார். "ஒரு மில்லிமீட்டரா? எங்க வேலையில அது ஒரு மைலுங்க ஐயா!"

அவருக்கு மைல், எனக்கோ மயிரிழை. மெய்யளவில் எடுக்கும்போது லென்சின் துளையை எட்டாம் எண்ணில் வைத்தால் தெளியும் ஆழம் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர், 2.8இல் வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்கு. துளையைச் சுருக்கினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி குறையும். குழாயோ முன்னரே ஒளியில் முக்காற்பங்கை விழுங்கிவிட்டது. மேலும் மேலும் சுருக்கினால் குறுகிய துளையின் விளிம்பில் ஒளி விலகிப் படம் முழுதும் மழுங்கும். ஆகவே லென்சின் வளையத்தைத் திருகுவதில் பயனில்லை. மண்டியிட்டு, மூச்சை அடக்கி, உடலையே அணுவணுவாக முன்னும் பின்னும் சாய்த்துக் கண் தெளியும் கணத்தில் விசையை அழுத்த வேண்டும். 36 படச் சுருளில் இரண்டு தேறினால் நல்ல நாள்.

உடன் வந்த மாணவர் ஒருவர் எளிய வழியொன்று கூறினார். "ஐயா, ஒன்றைப் பிடித்துக் கொன்று ஊசியில் குத்தி வைத்துவிட்டால் அசையாதே; வேண்டிய துளையில், வேண்டிய நேரம் எடுக்கலாமே!" தள்ளிவிடத்தக்க பேச்சன்று அது. இனங்களைப் பிரித்தறியும் அறிஞர்களுக்கு உயிரற்ற மாதிரிகள் இன்றியமையாதவை. எனினும் நான் இசையவில்லை. தும்பி இறந்தால் அதன் கண்ணின் நிறம் விரைவில் மங்கிப் பழுப்பேறிவிடுகிறது. சில இனங்களில் ஏறத்தாழ 30,000 சிறுகண்கள் கூடிய அப்பேருறுப்பின் பச்சையும் செம்மையும் உயிரோடிருக்கும்வரைதான். எதனைக் காண ஏரிக்கரைக்கு வந்தேனோ, அதுவே முதலில் போய்விடுமெனில் அந்தப் படம் எனக்கு எதற்கு? அவர் விடவில்லை, "அப்படியானால் உடல் முழுதும் தெளிவாக வரவே வராதா?" என்றார்.

பட்டாம்பூச்சி சிறகு மடித்து அமர்ந்திருந்தால், கேமராவைச் சிறகிற்கு இணையாகப் பிடிக்கச் சிறகு முழுதும் அந்த ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். தட்டானுக்கு அது பொருந்தாது. இன்று டிஜிட்டல் கேமராவில் கண்ணில் தொடங்கி வால்வரை தளந்தளமாகப் பல படங்கள் எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாக அடுக்குகின்றனர். அதற்கும் பூச்சி அசையாதிருக்க வேண்டும். விடியற்குளிரில் உடல் விறைத்துப் பனித்துளியோடு அது அமர்ந்திருக்கும் சிறு பொழுது போதும், கொல்ல வேண்டுவதில்லை.

உடன்வர விரும்பும் மாணவச் செல்வங்கள் காலை ஆறு மணிக்கே கரையில் இருத்தல் வேண்டும். வெயில் ஏறிச் சிறகு காய்ந்துவிட்டால் தட்டான் நமக்காகக் காத்திராது.