காலி மனையில் முளைத்த பாசி

அவர் தொட்டியைப் பார்ப்பதற்கு முன் சுவரில் இருந்த ப்ளக்கைப் பார்த்தார். "டைமர் இல்லையா சார்?"

இல்லை. காலையில் எழுந்ததும் விளக்கைப் போடுவேன்; படுக்கப் போகும்போது அணைப்பேன். கூடத்தில் அறுபது லிட்டர் கடலை வைத்துக்கொண்டு அதை இருட்டில் போட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? அவர் சிரிக்கவில்லை. "பதினாலு மணி நேரம்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, பிறகுதான் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

தொட்டி வைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. முதலில் மணல்மேல் சுக்குப்பொடி தூவியதுபோல் ஒரு பழுப்பு. துடைத்தேன், மறுநாள் காலையில் அதே இடத்தில் அதே பொடி. பிறகு பாறைகளில் பச்சை முடி வளர்ந்தது. வீட்டுக்கு வந்த அத்தை, "இதுல மீனு இருக்கா, இல்ல வெறும் புல்லா?" என்று கேட்டதோடு என் பொறுமை போயிற்று.

அவர் ராமேசுவரம் தீவுக்காரர். கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்காக வீடு வீடாகப் போய் உப்புநீர்த் தொட்டிகளைப் பராமரிப்பது அவர் தொழில். ஒரு சனிக்கிழமை முழுக்கக் கூட வரட்டுமா என்று கேட்டேன். "வாங்க, ஆனா வாளி தூக்கணும்" என்றார்.

கொளத்தூரில் வண்ணமீன் என்றால் பெரும்பாலும் நன்னீர்தான். கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஃபைட்டர் என்று ஆக்சிஜன் அடைத்த பாலித்தீன் பைகள் ஸ்கூட்டர்களில் பறக்கும் தெருக்கள் அவை. கடல் ஒரு மூலையில் இருக்கிறது. கடையின் பின்கட்டில் நீல டிரம்மில் ஒரு மோட்டார் உப்பைக் கலக்கிக்கொண்டிருந்தது. லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் கணக்கு. கலங்கல் தெளிந்ததும் ஒரு சொட்டை ரிஃப்ராக்டோமீட்டரில் விட்டு வெளிச்சத்தில் பிடித்தார், அடர்த்தி 1.025.

"உங்க வீட்டுல என்ன தண்ணி ஊத்துனீங்க?"

ஆர்ஓ தண்ணீர்தான், நாங்கள் குடிப்பதுதான் என்று பெருமையாகச் சொன்னேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். குடிக்கிற ஆர்ஓ மிஷின்கள் பலவற்றில், ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரைத் திரும்பக் கலந்துவிடும் ஒரு திருகு இருக்கிறது. டிடிஎஸ் மீட்டரை என் பாட்டில் தண்ணீரில் வைத்தால் 85. அவர் டிரம்முக்குப் போகிற தண்ணீர், சவ்வைத் தாண்டி ரெசின் குழாயையும் தாண்டி வருகிறது. மீட்டர் 0 காட்டியது. அந்த ரெசின் இல்லாவிட்டால் சிலிக்கேட் நழுவி வந்துவிடுமாம். மணலில் நான் துடைத்துத் துடைத்து ஓய்ந்த பழுப்புப் பொடி டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசி. அது தன் ஓட்டைச் சிலிக்காவால் கட்டிக்கொள்கிறது. நான் தினமும் ஆவியான அளவுக்கு நல்ல தண்ணீர் என்று ஊற்றியது அதற்குச் செங்கல்.

அடுத்து ஒரு பல் மருத்துவமனை. காத்திருக்கும் இடத்தில் நூறு லிட்டர் தொட்டி, இரண்டு கோமாளி மீன்கள், பாறையெல்லாம் பச்சை. அவர் பாசியைத் தொடாமல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் போய்ப் பேச்சுக் கொடுத்தார். குழந்தைகள் அழும்போதெல்லாம் மீனைக் காட்டி ஒரு சிட்டிகை தீனி போடுவதாக அந்தப் பெண் சொன்னார். "ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைங்க அழும்மா?" பல் ஆஸ்பத்திரியில் இதற்கு என்ன பதில்? தீனியைக் குறைக்கச் சொன்னார்.

மீன் தின்றது போக மிஞ்சியதும், தின்று கழித்ததும் நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் தண்ணீரில் நிற்கும். டெஸ்ட் கிட்டில் பார்த்தால் சில சமயம் பூஜ்யம் காட்டும். சுத்தமான தண்ணீர் என்று ஏமாறக்கூடாது; இருந்ததையெல்லாம் பாசி குடித்துவிட்டது என்று பொருள்.

தொட்டிப் பாறை சிமென்டில் செய்தது. பாறை கட்டும் பவளங்கள் 2001-லிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி இருக்கும் அதே பட்டியலில் இருக்கின்றன. பவளத்தைக் கடலிலிருந்து எடுக்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அது நியாயம்தான். ஆனால் கடல்பாறை நுண்ணுயிர்களோடும் புழுக்களோடும் குடியும் குடித்தனமுமாக இருக்கும். சிமென்டுப் பாறை காலி மனை. காலி மனையில் முதலில் முளைப்பது களைதானே.

அவர் முழங்கை வரை கையை விட்டார். இடது கையில் சைஃபன் குழாய், வலது கையில் இரண்டு விரல். இழுக்கவில்லை, பாசியின் அடியைக் கிள்ளி, ஒரு திருகு திருகி, குழாய் வாயில் விட்டார். பிய்ந்த துணுக்கு மிதந்துபோனால் போன இடத்தில் முளைக்கும். அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா இப்படித்தான் எடுக்கும்" என்றார். அவர் அம்மா மன்னார் வளைகுடாவில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையிலிருந்து கிள்ளுவாராம். காயவைத்து அகர் செய்ய விற்பது. அங்குள்ள 21 தீவுகளும் 1986-ல் தேசியப் பூங்காவானதிலிருந்து அங்கே போனால் பிரச்சினை. "அது பாசி வேணும்னு கடலுக்குப் போச்சு. நான் பாசி வேணாம்னு சொல்றவங்க வீட்டுக்கு வர்றேன்."

ஒரு நத்தை மல்லாந்து கிடந்தது. புரட்டி விட்டார். சில வகைகளுக்குத் தாமாகப் புரளத் தெரியாது, அப்படியே கிடந்து செத்து, அதுவும் பாசிக்கு உரமாகிவிடும். இருபது நத்தை வாங்கிப் போட்டுவிடலாமே என்றேன். "பாசி தீந்த பிறகு என்ன சாப்பிடும்?" நாலு போதுமாம்.

மூன்றாவது வீடுதான் எனக்குக் குழப்பம். வீட்டுக்காரர் என்னைவிடத் தீவிரமானவர். பாஸ்பேட் உறிஞ்சும் துகள், பெரிய ஸ்கிம்மர், வாரம் இரண்டு முறை தண்ணீர் மாற்றம். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்யம். அங்கே நிஜமான பூஜ்யம். பச்சை துளிகூட இல்லை. ஆனால் மணல்மேல் மூக்குச்சளி மாதிரி பழுப்பு நூல்கள், நுனியில் குமிழிகள், நத்தைகளெல்லாம் செத்துக் கிடந்தன. டைனோஃப்ளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர். போட்டிக்கு ஆளில்லாத பட்டினித் தண்ணீரில் அது ராஜா. சில வகைகளுக்கு விஷமும் உண்டு. "தண்ணி மாத்துறத நிறுத்துங்க. தீனியக் கூட்டுங்க" என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அரை மணி நேரத்துக்கு முன்தான் ஒரு பெண்ணிடம் தீனியைக் குறைக்கச் சொன்ன மனிதர் இவர்.

காரில் கேட்டேன். "கொஞ்சம் அழுக்கு இருக்கணும் சார். நைட்ரேட்டு ஒரு அஞ்சு இருந்தா நான் பேசாம இருப்பேன்."

மாலையில் என் வீடு. டைமரை மாட்டி எட்டு மணி நேரம் வைத்தார். முன்கண்ணாடியைப் பழைய ஏடிஎம் அட்டையால் வழித்தார். பின்சுவர்ப் பச்சையை நான் சுரண்டப் போனபோது கையைப் பிடித்துக்கொண்டார்; அது நத்தைக்காம். பத்து லிட்டர் தண்ணீரை மாற்றினார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். ரெண்டு மாசம், மூணு மாசம் என்றார்.

எடுத்த பாசியைச் சல்லடையில் வடித்துப் பிழிந்து உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"ஈரத்துல நூறு கிராம் இருக்கும். காஞ்சா ஒண்ணும் தேறாது."

பாசியைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுக் கைகழுவப் போனார்.