பேச்சு வராதவரிடம் ஒரு பேட்டி



டிப்ளமோ இறுதியாண்டு என்றாலே புராஜெக்ட்தான். எங்கள் குழு எடுத்துக்கொண்டது, நடக்கச் சிரமப்படுபவர்களுக்கான வாக்கர். "வெல்டிங் எல்லாம் அப்புறம். முதல்ல அதைப் பிடிச்சு நடக்கிறவங்ககிட்ட பேசுங்க" என்றார் எங்கள் கைடு. எத்தனை பேர் என்ற கணக்கு வேண்டாம். என்ன சிரமம், ஏன் சிரமம் என்று அவர்களே சொல்லிக் கேட்க வேண்டும். வெளியூர்க்காரர்களைப் போனில் கேட்பது என்று முடிவானது.

தவளக்குப்பத்தில் எங்கள் வீட்டிலிருந்தபடியே நான்கு பேரிடம் பேசினேன். உயரம், எடை, தேய்ந்துபோகும் ரப்பர் புஷ் என்று மளமளவென்று சொன்னார்கள். ஐந்தாமவர் காரைக்காலில் இருக்கும் என் பெரியப்பா. முப்பது வருஷம் லேத்தில் நின்றவர். பக்கவாதம் வந்தபின் "ஆமா... அது..." என்பதற்கு மேல் பேச்சு வருவதில்லை. "அவரை விட்டுடுடா, போன்ல என்ன சொல்லப் போறாரு?" என்றான் நண்பன்.

இதற்கு அஃபேசியா என்று பெயர். 1861-இல் பாரிசில் புரோக்கா என்ற மருத்துவரிடம் ஒரு நோயாளி வந்தார். எதைக் கேட்டாலும் "டான், டான்" என்பார். ஆனால் கேட்பது பெரும்பாலும் புரியும். அவர் இறந்தபின் பார்த்தால், மூளையின் இடது முன்பக்கத்தில் சேதம்! ஆக, பேச்சு போனால் புத்தியும் போய்விட்டது என்று அர்த்தமில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் பேச்சுக் குறைபாடு உள்ளவர்கள் சுமார் 20 லட்சம் பேர். போனில் மட்டுமே கேட்டால் இவர்கள் கருத்தை யார் எழுதுவது?

பெரியப்பாவை வீடியோவில் அழைத்தேன். பேட்டிக்குச் சம்மதமா என்று அவரிடமே கேட்டேன்; கட்டைவிரலை உயர்த்தினார். மூன்றே கேள்விகளைப் படத்தோடு முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், இரண்டு நாள். ஆமாம் என்றால் கட்டைவிரல், இல்லை என்றால் உள்ளங்கை. பெரியம்மா முந்திக்கொண்டு பதில் சொல்லப் பார்த்தார்கள். "பெரியம்மா, கொஞ்சம் பொறுங்க, அவரே சொல்லட்டும்" என்றேன்.

பெரியப்பா இடது கையால் பென்சிலை எடுத்தார். கோணல்மாணலாக ஒரு வாக்கரை வரைந்தார். வலப்பக்கக் கைப்பிடியை அடித்துவிட்டு, நடுவில் ஒரே ஒரு பிடி போட்டார். பிறகு தன் வலது கையைத் தொட்டுக் காட்டினார். அது பக்கவாதத்தில் விழுந்த கை!

யோசித்துப் பாருங்கள் தோழர்களே! பெரும்பாலோருக்குப் பேச்சின் இடம் இடது மூளை. வலது கையை ஆள்வதும் அதே இடது மூளை. புரோக்கா பார்த்த அந்த நோயாளிக்கும் வலது கை, கால் விழுந்திருந்தது. அதாவது, இரண்டு கைப்பிடி வாக்கரைப் பிடிக்க முடியாதவர்களில் பலருக்கு அதைச் சொல்ல வாயும் வராது. பேசுகிறவர்களை மட்டும் கேட்டிருந்தால் இந்தக் குறை எங்கள் காதுக்கு வந்திருக்கவே வராது. நான்கு பேர் சொல்லாததை ஒரு கோட்டில் சொன்னார் பெரியப்பா. எங்கள் டிசைனில் இப்போது ஒற்றைக் கைப்பிடிதான்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்லும் 21 வகைகளில் பேச்சு, மொழிக் குறைபாடும் ஒன்று. சட்டம் கணக்கில் எடுத்துக்கொண்டவர்களை நம் சர்வே விட்டுவிடலாமா?

அடுத்து புராஜெக்ட் செய்யப்போகும் தம்பி தங்கைகளே! திக்கிப் பேசுகிறவரா? எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வார்த்தை வரவில்லையா? படம் கொடுங்கள், நேரம் கொடுங்கள். பதில் வரும்வரை வாயை மூடிக் காத்திருங்கள். அதற்குப் பத்துப் பைசா செலவில்லை!